கௌரிக்குச் செய்த வைத்தியங்கள்

சிவமயம்

உடுவில் தெற்கு,
12.02.1993

அன்புள்ள மகள் யோகமலருக்கு,

நீ கார்த்திகையில் போட்ட கடிதம் தை கடைசியில்தான் கைக்கு வந்தது. நீயும் மருமகனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று வாசித்து அம்மாவும் நானும் ஆறுதல் அடைந்தோம். இங்கே நாங்கள் இருக்கிறோம். எங்கள் ஒழுங்கைப் பரமலிங்கம் இன்றிரவு கிளாலியில் படகேறிக் கொழும்புக்குப் போகிறார். இதை அவரிடம் கொடுத்தால் அங்கிருந்து தபாலில் போட்டுவிடுவார். அவசரத்தில் முன்னுக்குப் பின்னாக எழுதினால் குறை நினைக்காதே.

முதலில் நல்ல செய்தி. உன் தங்கை இயக்கத்தை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பொங்கலுக்கு மறுநாள் காலை ஒழுங்கை முகப்பில் ஒரு வாகனம் நின்றது. சின்னப் பை ஒன்றோடு கௌரி இறங்கி நடந்து வந்தாள். கூட வந்த இரண்டு பெண் பிள்ளைகள், “ஐயா, அக்காவுக்குச் சுகமில்லை. வீட்டில வைச்சுப் பாருங்கோ. இனி அவ திரும்பி வரத் தேவையில்லை” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டார்கள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். கௌரி அழவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலால் வேலியையும் கோடிப்புறத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காயம் ஏதும் உண்டா என்று நீ பயப்படுவாய். இடது தோளில் ஷெல் துண்டு பட்ட தழும்பு ஒன்று உண்டு. அது ஆறிவிட்டது. அவள் இயக்கத்தில் துவக்குத் தூக்கிச் சண்டை பிடித்தவள் அல்ல, காயப்பட்டவர்களை இழுத்து வந்து கட்டுப் போடுகிற மருத்துவப் பிரிவில் நின்றவள் என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியும்.

ஆனால் மகள், வந்தது கௌரிதானா என்று சில வேளைகளில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஓரிடத்தில் இருக்கமாட்டாள். சாப்பிடும்போதும் வாசலைப் பார்த்தபடிதான். தென்னையில் இருந்து தேங்காய் விழுந்தால் அந்தக் கணமே நிலத்தில் குப்புறப் படுத்துவிடுகிறாள். பிறகு எழுந்து சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் அப்பால் போகிறாள். படுப்பது குண்டுக்குப் பதுங்க வளவில் வெட்டின பங்கருக்குள். வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறதாம்.

எங்களுக்குக் கொஞ்சமும் விளங்காதது தண்ணீர் விஷயம். விடிந்ததில் இருந்து கிணற்றில் அள்ளிக்கொண்டே இருக்கிறாள். குடம், வாளி, சோற்றுப் பானை, உன் பழைய பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தல் என்று வீட்டில் வெறுமையாக ஒரு பாத்திரம் கிடையாது. அம்மா உலை வைக்கப் பானையை எடுத்துத் தண்ணீரை வெளியே ஊற்றினால் கௌரியின் முகத்தைப் பார்க்க முடியாது. உடனே இன்னொன்றை நிரப்பப் போய்விடுகிறாள். பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வேலியால் எட்டிப் பார்த்து, “உவளுக்கு ஆரோ செய்வினை செய்து போட்டினம்” என்றாள். அதைக் கேட்ட நாளில் இருந்து அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். வைரவர் கோயிலடியில் வேப்பிலை அடிக்கிற ஒருவரிடம் கூட்டிப் போனாள். அவர் கையை ஓங்கினதுதான் தாமதம், கௌரி அவருடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டாள். நான் ஓடிப்போய் விலக்கினேன். பாவம் அந்த மனிதர், “இது பேயில்லை ஐயா, இது வேற” என்று கையைத் தடவிக்கொண்டு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒருவர் பொறுமையாகப் பார்த்துக் குளிசை தந்தார். குடித்தால் நாள் முழுக்க மரக்கட்டை மாதிரிக் கிடக்கிறாள், வாயால் வீணீர் வடிகிறது. மூன்றாம் நாள் தானே குளிசைகளை அடுப்புக்குள் போட்டுவிட்டாள். இனி மருந்து எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியாது.

இவள் வீட்டுக்கு வந்ததும் செய்துவைக்கலாம் என்று நீ மருமகனின் சிநேகிதனுக்கு இவளைக் கேட்டு எழுதியிருக்கிறாய். சாதகமும் படமும் அனுப்பச் சொல்லியிருக்கிறாய். நல்ல இடம் என்று விளங்குகிறது. படம் எடுக்க யாழ்ப்பாணத்தில் பிலிம் இல்லை என்று எழுதிவிடலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் உனக்குச் சாட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை. கொஞ்சம் பொறு. அம்மா வேறு மாதிரிச் சொல்கிறாள். “கனடாவுக்குப் போனால் எல்லாம் மறந்து போம். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை” என்கிறாள்.

குளிரில் கவனம். மருமகனுக்கு எங்கள் ஆசி.

அன்புள்ள அப்பா,
தியாகராசா


சிவமயம்

உடுவில் தெற்கு,
20.06.1993

அன்பு மகள் யோகமலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. “இன்னும் எத்தனை நாளைக்குப் பொறுக்கச் சொல்லுவீங்கள், அவை வேற இடம் பாத்திடுவினம்” என்று எழுதியிருக்கிறாய். உன் கோபம் எனக்கு விளங்குகிறது. இவள் இயக்கத்துக்குப் போன கிழமை நீ பட்ட பாட்டையும் நான் மறக்கவில்லை. வாசித்து முடித்த பிறகு நீயே ஒரு முடிவுக்கு வா.

இடையில் மட்டுவிலில் கதிரவேலுப் பரியாரியாரிடம் கூட்டிப் போனேன். பெற்றோல் இல்லாததால் சைக்கிளில்தான். கௌரியைப் பின்னால் கரியரில் இருத்தி, கைதடி வெளியால் எதிர்க்காற்றில் மிதித்துப் போனேன். பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, நரம்பெல்லாம் கொதித்துப் போயிருக்கிறது என்றார். தலைக்கு வைக்க எண்ணெய் காய்ச்சித் தந்தார். உள்ளுக்குக் கஷாயம். உப்பும் புளியும் குறைத்துப் பத்தியம். அம்மா தினமும் காலையில் அவளைப் பலகையில் இருத்தி உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டாள். முதல் கிழமை தலையைத் தொட விடவில்லை. பிறகு விட்டாள். எண்ணெய் தேய்க்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவளுடைய கால் ஆடாமல் இருக்கும். நான் நம்பிக்கையோடு திரும்பவும் மட்டுவிலுக்குப் போனேன். பரியாரியார் அவளோடு தனியே கொஞ்ச நேரம் கதைத்தார். வெளியே வந்து, “உடம்புச் சூடு இறங்கியிருக்கு. மற்றது என்ரை எண்ணெய்க்கு எட்டாது தம்பி. காசை வீணாக்காதேங்கோ” என்றார். அப்படிச் சொல்கிற மனிதரை நான் என்ன குறை சொல்ல.

ஆஸ்பத்திரி டொக்டர்தான் பிறகு ஒரு வழி சொன்னார். பட்டணத்தில் கத்தோலிக்கக் கோயில் பங்கு மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் ஒரு வகுப்பு நடக்கிறது. நடத்துகிறவர் பெயர் அற்புதராணி. முன்பு தாதியாக வேலை செய்தவர். டொக்டரிடம் பழகி, உடம்பைத் தளர்த்துகிற பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. அம்மாவுக்கு விருப்பமில்லை. “வேதக்காரரின்ரை இடத்தில போய்ப் படுத்தெழும்பினால் சுகம் வருமே” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை.

அங்கே இயக்கத்தால் வந்த பிள்ளைகள் நாலைந்து பேர், காலில்லாத ஒரு பொடியன், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார். எல்லோரும் பாயில் படுக்க வேண்டும். கையை இறுக்கப் பொத்தி, பிறகு மெல்ல விட வேண்டும். அப்படியே தோள், வயிறு, கால் என்று ஒவ்வொன்றாக. மூச்சை இழுத்து ஆறுதலாக விட வேண்டும். எல்லோரும் கண்ணை மூடினார்கள். கௌரி மூடவில்லை. அற்புதராணி அவளுக்குப் பக்கத்தில் குந்தி, “மூட வேண்டாம் பிள்ளை. கூரையைப் பாருங்கோ, கதவைப் பாருங்கோ, விரும்பினதைப் பாருங்கோ” என்றார். அந்தச் சொல்லுக்காகவே எனக்கு அந்த மனுஷியைப் பிடித்துப் போயிற்று.

நான் வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நிற்பேன். ஒருநாள் என்னிடம் வந்து சொன்னார். “ஐயா, இது பைத்தியம் இல்லை. உங்கடை மகள் வீட்டுக்கு வந்திட்டா. அவவின்ரை உடம்பு இன்னும் அங்கைதான் நிக்குது. அதுக்குச் சண்டை முடிஞ்சது தெரியாது. நாங்கள் அதுக்கு மெல்ல மெல்லச் சொல்லுறம், அவ்வளவுதான்.” சண்டை எங்கே முடிந்தது என்று நான் நினைத்தேன், சொல்லவில்லை.

நினைத்ததுபோலவே அதற்கு இரண்டாம் சனி பொம்பர் விமானம் வந்தது. பாயில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் கூக்குரலிட்டு எழுந்தார்கள். நானும் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கௌரி மட்டும் பதறவில்லை. ஒரு சொல் உரத்துக் கதைக்காமல், அந்தப் பொடியனைத் தோளில் தாங்கி, வயது போன தாய்மாரைக் கையில் பிடித்து, எல்லோரையும் பங்கருக்குள் இறக்கிவிட்டுக் கடைசியாகத் தான் இறங்கினாள். குண்டு கோட்டைப் பக்கமாக விழுந்தது. மேலே ஏறி வந்த பிறகு பார்த்தால் முகம் தெளிவாக இருக்கிறது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் பழைய பிள்ளையை அன்று கண்டேன். வீட்டுக்கு வந்து அமைதியானதும் திரும்பவும் வாளியும் கையுமாக அலையத் தொடங்கிவிட்டாள். ஆபத்தில் சுகமாயும் அமைதியில் வருத்தமாயும் இருக்கிற பிள்ளையை எந்த வீட்டுக்குக் கட்டிக் கொடுப்பது, நீயே சொல்லு.

இப்போது மூச்சுப் பயிற்சியோடு ஒரு சொல்லையும் மனதுக்குள் சொல்லச் சொல்கிறார் அற்புதராணி. விருப்பமான சொல். தாய்மார் மரியே என்கிறார்கள், பொடியன் முருகா என்கிறான். கௌரி கடவுள் பெயர் எதையும் சொல்லமாட்டாளாம். “அப்ப வேற ஏதும் ஒரு சொல்லைத் தேடுங்கோ, அவசரமில்லை” என்று விட்டிருக்கிறார்.

நான் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிவிட வேண்டும். இதோடு நிறுத்துகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


சிவமயம்

உடுவில் தெற்கு,
03.10.1993

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை நீ தனியே இருந்து வாசி. மருமகனுக்குப் பிறகு காட்டலாம்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை. வகுப்பு முடிந்து கௌரி வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. பின்னால் வந்த அற்புதராணி, “ஐயா, அவ ஒரு பெயரைச் சொல்லுறா. இண்டைக்குத்தான் அழுதவ. வீட்டில அழுதால் மறிக்காதேங்கோ” என்றார். என்ன பெயர் என்று கேட்டேன். ஜெசிந்தா என்றார்.

திரும்பி வரும் வழியில் கொக்குவில் தாண்டினதும், ஜெசிந்தா என்றால் யார் என்று கேட்டேன். கரியரில் இருந்தவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “அப்பா, சைக்கிளை நிப்பாட்டாதேங்கோ. திரும்பிப் பாக்காதேங்கோ. ஓடிக்கொண்டிருந்தீங்கள் எண்டால் சொல்லுறன்” என்றாள். நான் திரும்பாமல் மிதித்தேன்.

ஜெசிந்தா குருநகர்ப் பிள்ளை. அங்கே எல்லோருக்கும் இயக்கப் பெயர்தான், வீட்டுப் பெயரைச் சொல்லக் கூடாது. ஒருநாள் கௌரியின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் தன் பெயரைக் காதுக்குள் சொன்னாளாம். இவளும் தன் பெயரைச் சொன்னாளாம். அன்றில் இருந்து இருவரும் ஒரே பாய். தொண்ணூற்றொன்றில் ஆனையிறவுச் சண்டையில் ஜெசிந்தாவுக்கு வயிற்றில் காயம். கௌரிதான் அவளை இழுத்துக்கொண்டு போய் ஒரு குழிக்குள் போட்டாள். அது மரமில்லாத உப்பு வெளி. தலையைத் தூக்க முடியாத துப்பாக்கிச் சூடு. பொழுது படும் வரைக்கும் வெளியே எடுக்க வழியில்லை. அந்தப் பின்னேரம் முழுக்க அவள் தண்ணீர் கேட்டாள். கௌரியின் இடுப்பில் போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது.

“வயித்துக் காயத்துக்குத் தண்ணி குடுக்கக் கூடாது எண்டு படிப்பிச்சவை, அப்பா. குடுத்தால் செத்துப்போவாள் எண்டு நான் குடுக்கேல்லை. துணியை நனைச்சு உதட்டில வைச்சன். அவள் அதை உறிஞ்சத் தொடங்கினாள். அதையும் பறிச்செடுத்தன். அவள் என்னைக் கௌரி எண்டு கூப்பிட்டுக் கேட்டவள். இருட்ட முதல் கேக்கிறதை நிப்பாட்டிப் போட்டாள்.”

எங்கள் வீட்டில் நிறைந்து நின்ற குடங்களும் போத்தல்களும் அப்போதுதான் எனக்கு விளங்கின. மருதனார்மடத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். நான் திரும்பவில்லை. அவள் கதைத்துக்கொண்டிருக்கிறாளே. சுன்னாகத்தையும் தாண்டி ஓடினேன். மல்லாகத்துக்கு அப்பால் ஆமி எல்லை. அங்கேதான் சைக்கிளைத் திருப்பினேன். அப்போது அவள் கதைத்து முடித்திருந்தாள். வீடு வரைக்கும் மிதித்தேன்.

அடுத்த கிழமை அவள் எங்களிடம், ஜெசிந்தாவின் தாயிடம் போக வேண்டும் என்றாள். பிள்ளை செத்தது தாய்க்குத் தெரியும். மூடின பெட்டி வந்தது, செத்தவீடும் நடந்தது. எப்படிச் செத்தாள் என்றுதான் யாரும் சொல்லவில்லை. அம்மா பதறிப்போனாள். “உதென்ன வேலை? தாய் மனம் தாங்குமே? சொன்னாப்போல உனக்குத்தான் தாங்குமே?” என்றாள். நான் அற்புதராணியிடம் போய்க் கேட்டேன். “எனக்குத் தெரியாது ஐயா. டொக்டரையும் கேட்டன். அவராலயும் நிச்சயமாச் சொல்ல ஏலாதாம். ஆனால் வந்த நாளில இருந்து பிள்ளை தானாக் கேட்ட முதல் விஷயம் இதுதான்” என்றார்.

போனோம். கோயிலுக்குப் பின்னால் ஒழுங்கைக்குள் சின்ன வீடு. தகப்பன் செபமாலை முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். கடலுக்குப் போக வழியில்லாமல் வீட்டோடு இருக்கிறார். தாய் மக்டலீன், மகளோடு இருந்த பிள்ளை என்றதும் கௌரியின் இரண்டு கையையும் பிடித்து உள்ளே கூட்டிப் போனா. சீனியில்லாத தேத்தண்ணீரும் கடிக்கப் பனங்கட்டியும் தந்தா. மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் படம். சிரித்த முகம், மேல்பல் கொஞ்சம் முன்னுக்கு.

மக்டலீன் கேட்டா, “என்ரை பிள்ளை கடைசியா என்ன கேட்டவள்?”

வேறு ஏதும் சொல்லமாட்டாளா என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். கௌரி நிலத்தைப் பார்க்கவில்லை, நேரே அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தாள். “தண்ணி கேட்டவள், அம்மா. என்னட்டை இருந்தது. நான் குடுக்கேல்லை” என்றாள். ஏன் என்பதையும் சொன்னாள். அந்தத் துணியைப் பறித்ததையும் மறைக்கவில்லை.

மக்டலீன் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. செபமாலை வந்து என் தோளில் கை வைத்து, “ஐயா, குறை நினையாதேங்கோ. இப்ப நீங்கள் போறது நல்லது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றில் இருந்து கௌரி தண்ணீர் அள்ளுவதை விட்டுவிட்டாள். முன்பென்றால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் வகுப்புக்கும் வரமாட்டாளாம். எண்ணெய்க்கும் தலை கொடுக்க மாட்டாளாம். சாப்பாட்டைக் கோழிக்குப் போடுகிறாள். கிணற்றுக் கட்டில் போய்க் குந்தி உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் வெங்காயப் பாத்திக்குப் புல் பிடுங்குகிற சாட்டில் அவளுக்குப் பக்கத்திலேயே நாளெல்லாம் நிற்கிறேன். அங்கே இப்போது பிடுங்கப் புல்லே இல்லை. நான் தோட்டத்துக்குப் போனால் அம்மா வந்து நிற்கிறாள். ஏன் என்று நாங்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. நீயும் கேட்காதே.

அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனது சரியா என்று இருந்தாலும் நடந்தாலும் அதே யோசனைதான். ஒரு வேலையும் ஓடவில்லை. கலியாண விஷயத்தை இப்போது எழுதாதே மகள்.

நல்லூரானிடம் எங்களுக்காகக் கேள்.

அப்பா


சிவமயம்

உடுவில் தெற்கு,
23.01.1994

அன்புள்ள மகள் யோகமலருக்கும் மருமகனுக்கும்,

மார்கழியில் நீ போட்ட இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. பதில் காணாமல் நீ தவித்திருப்பாய். கிளாலிப் பாதை இடையில் மூடிக் கிடந்ததால் இங்கிருந்து எதுவும் போகவில்லை. கௌரி இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நான் முந்திய கடிதம் எழுதி அதிக நாள் ஆகவில்லை, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் படலையடியில் ஒரு மனுஷி வந்து நின்றா. மண்ணெண்ணெயில் ஓடுகிற மினிபஸ்ஸில் மருதனார்மடம் வந்து, அங்கிருந்து வீடு வீடாக விசாரித்து நடந்து வந்திருக்கிறா. மக்டலீன். கையில் பனையோலைப் பெட்டியில் கொஞ்சம் கூனி இறால் கருவாடு.

உன் அம்மாவை உனக்குத் தெரியும். குருநகர்க் கடற்தொழில் சாதி மனுஷி என்றதும் வீட்டுக்குள் கூப்பிடாமல் முற்றத்தில், மாமரத்துக்குக் கீழே ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். கௌரி கிணற்றடியில் இருந்து வந்தாள். அந்தக் கதிரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மக்டலீனின் கையைப் பிடித்து வீட்டுக்குள்ளால் நேரே அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா அந்தக் கதிரையோடு முற்றத்தில் நின்றாள்.

நான் நடையில் நின்று கேட்டதை எழுதுகிறேன். ஒட்டுக்கேட்டது என்று நினைக்காதே, எனக்கு அப்பால் போகக் கால் வரவில்லை.

மக்டலீன் சொன்னா: “நான் ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரைக் கேட்டனான் பிள்ளை. வயித்தில காயமெண்டால் தண்ணி குடுக்கக் கூடாதோ எண்டு. கூடாதெண்டு சொன்னார். வேற ஒரு டொக்டரையும் கேட்டன். அவரும் அதைத்தான் சொன்னார்.”

கௌரி அடுப்பை ஊதுகிற சத்தம் கேட்டது.

“எண்டாலும் நான் எண்டால் குடுத்திருப்பன்” என்றா மக்டலீன். “அது உனக்குத் தெரியவேணும். பொய் சொல்ல எனக்கு ஏலாது. அவள் கேட்டிருந்தால் நான் குடுத்திருப்பன். அவள் என்ரை கையால செத்திருப்பாள். நீ அவளைப் பிழைக்க வைக்கப் பாத்தனி. நான் இந்தக் கிழமையெல்லாம் உன்னில கோபிக்கப் பாத்தன். பாதி வழியில கோபம் நிண்டு போகுது. என்ன செய்யிறதெண்டு தெரியாமல்தான் வந்தனான்.”

நான் உள்ளே போவதா விடுவதா என்று நின்றபோது மக்டலீனின் குரல் திரும்பக் கேட்டது. “கடைசி நாளை நீ சொல்லிப்போட்டாய். மற்ற நாளுகளைச் சொல்லு. அங்கை என்ன சாப்பிட்டவள்? ஆரோட சண்டை பிடிச்சவள்? எனக்கு அவள் போன நாளுக்குப் பிறகு ஒண்டுமே தெரியாது.”

கௌரி சொல்லத் தொடங்கினாள். முதலில் ஒவ்வொரு சொல்லாக, பிறகு நிற்காமல். ஜெசிந்தா பருப்புக் கறியைக் கண்டால் மூக்கைப் பொத்துவாளாம். வரிசையில் நிற்கும்போது பங்குச் சுவாமியார் மாதிரிக் குரலை மாற்றிப் பிரசங்கம் வைப்பாளாம். அதற்காக ஒருமுறை பொறுப்பாளரிடம் தண்டனை வாங்கி, சமையலுக்கு விறகு கொத்தினாளாம், அப்போதும் பிரசங்கம் நிற்கவில்லையாம். “சின்னனிலயும் உதே வேலைதான். கோயிலில ஏச்சு வாங்கித் தந்தவள் எனக்கு” என்று மக்டலீன் சொன்னா. அப்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. எவருடைய சிரிப்பென்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. கௌரியின் சிரிப்பை நான் கேட்டு அவ்வளவு காலம்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். நெடுநேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்ச் சோறு போட்டாள். மூன்று சோற்றுக் கோப்பை எடுத்து வைத்தாள், தனக்கும் சேர்த்து. உனக்கு எழுதுகிறேன், அவ்வளவுதான்.

எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. தேங்காய் விழுந்தால் இப்போதும் படுக்கிறாள். போன மாதம் ஒரு கிழமை முழுக்கப் பங்கரை விட்டு வெளியே வரவில்லை. நானும் அம்மாவும் திரும்பவும் முறை வைத்துக் கிணற்றடியில் நின்றோம். ஆனால் வகுப்புக்குப் போகிறாள். அற்புதராணி இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இவளை இருத்துகிறார். கண் மூடப் பயப்படுகிறவர்களிடம் இவள் கூரையைப் பார்க்கச் சொல்கிறாளாம். தலைக்கு எண்ணெயும் வைக்க விடுகிறாள். பரியாரியாரின் எண்ணெயா, மூச்சுப் பயிற்சியா, அந்த மனுஷி வந்ததா, எது சுகப்படுத்துகிறது என்று நான் அற்புதராணியைக் கேட்டேன். “எது எண்டு தெரிஞ்சால் மற்றதுகளை விட்டிடுவியள் ஐயா. ஒண்டையும் விடாதேங்கோ” என்று சிரித்தார்.

செவ்வாய் தோறும் கௌரி என் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியே குருநகருக்குப் போகிறாள். மக்டலீனோடு இருந்து கதைத்துவிட்டு, செபமாலைக்கு வலை பொத்தவும் உதவி செய்துவிட்டுப் பின்னேரம் வருகிறாள். அவள் வந்து படலை திறக்கும் வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. ஷெல் அடிக்கிற பக்கம் அது. போகாதே என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் சொல்வதில்லை.

கலியாண விஷயத்தை நானே அவளிடம் கேட்டேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. “அக்காவுக்கு எழுதுங்கோ அப்பா. அக்கா நல்லதுக்குத்தான் செய்யிறா. ஆனால் நான் ஒருத்தருக்கும் ஒளிச்சுக் கலியாணம் கட்டமாட்டன். சொல்லிக் கட்டுறதுக்கு இன்னும் எனக்கு வாய் வரேல்லை” என்றாள். ஆகவே மருமகனின் சிநேகிதனுக்கு மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பெண்ணுக்குச் சுகமில்லை என்றே சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை. அம்மாவும் இப்போது அதைத்தான் சொல்கிறாள். முதல் இரண்டு நாள் அழுதாள்.

மகள், உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இவள் இயக்கத்துக்குப் போன பிறகு நீ இவளுக்கென்று ஒரு கடிதமும் போடவில்லை. எங்களுக்கு எழுதும் கடிதத்தில் கடைசி வரியில்தான் இவளை விசாரிக்கிறாய். உனக்குச் சொல்லாமல் போனாள் என்ற மனத்தாங்கல் உனக்கு இருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இம்முறை அவளுக்குத் தனியே ஒரு கடிதம் போடு. சுகமா என்று கேட்காதே, அவளுக்கு அதற்குப் பதில் தெரியாது. எல்லாவற்றையும் மறந்துவிடு என்றும் எழுதாதே. ஜெசிந்தா எப்படிப்பட்ட பிள்ளை என்று கேள். அதை மட்டும் கேள். அவள் எழுதுவாள். நீளமாக எழுதுவாள்.

உங்கள் இருவருக்கும் அந்தக் குளிர் தேசத்தில் வேலையும் சுகமும் குறையாமல் இருக்கட்டும். படுத்தால் விடியும் வரைக்கும் நல்ல நித்திரை வரட்டும். வேறு எதையும் விட இப்போது நான் என் பிள்ளைகள் இருவருக்கும் கேட்பது அதைத்தான்.

உங்கள் அப்பா,
தியாகராசா